'இதுவரை இல்லை' என்ற வாக்கியத்தைத் தேடுங்கள்: தொழில்நுட்ப வரலாற்று ஆய்வின் தொடக்கத்தை ஆராயும் முறை

நீராவி எந்திரத்தின் வரலாற்றை எழுதுவது ஒரு வேலை. அந்த வரலாற்றை முதன்முதலில் எழுத முனைந்தவர்கள் யார், ஏன் முனைந்தார்கள், பல்கலைக்கழகங்கள் அதை எப்போது ஒரு துறையாக ஏற்றுக்கொண்டன என்று ஆராய்வது முற்றிலும் வேறொரு வேலை. முதலாவதற்கு எந்திரமும் பட்டறைக் கணக்கும் காப்புரிமை ஆவணமும் சான்றாகும். இரண்டாவதற்கு முன்னுரைகள், அடிக்குறிப்புகள், சங்கங்களின் நடவடிக்கைக் குறிப்புகள், பாடத்திட்டங்கள், ஆய்விதழ்களின் முதல் இதழ்கள் ஆகியவையே சான்று. இந்த இரண்டாவது வேலையில் இறங்க விரும்பும் மாணவர்களுக்காகவும், தாமே தேடிப் படிக்கும் வாசகர்களுக்காகவும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் இத்துறையின் பிறந்த ஆண்டைத் தேடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். ஒருவர் 1777 என்பார், மற்றொருவர் 1909 என்பார், இன்னொருவர் 1958 என்பார். மூவரிடமும் சான்று இருக்கும். விவாதம் அங்கேயே நின்றுவிடும். நான் பரிந்துரைக்கும் வழி வேறு. இத்துறையை உருவாக்கியவர்களில் பலர், தமக்கு முன்னே ஒரு வெற்றிடம் இருந்ததாக எங்கோ ஓரிடத்தில் எழுதியிருக்கிறார்கள். இப்படியொரு நூல் இதுவரை இல்லை என்பார் ஒருவர். இப்படியொரு துறை இனிமேல்தான் உருவாக வேண்டும் என்பார் மற்றொருவர். அந்த வாக்கியங்களைத் தேடித் திரட்டி, ஆண்டுவாரியாக வரிசைப்படுத்துங்கள். அவற்றை அப்படியே நம்பிவிடக் கூடாது. அவற்றுக்கு முன்பும் யாரோ எழுதியிருப்பார்கள். ஆயினும் எழுதியவர் எதைக் குறையாகக் கண்டார், யாருக்காக அந்தக் குறையை நிரப்ப நினைத்தார் என்பதை அந்த வாக்கியத்தைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நூலகப் பட்டியலில் 'டெக்னாலஜி' என்ற ஒரே சொல்லைக் கொண்டு தேடினால், இத்துறையின் முதல் நூற்றைம்பது ஆண்டுகளில் பெரும்பகுதி உங்கள் கைக்கு வராமலே போய்விடும். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மனியில் 'டெக்னோலொகி' என்பது எந்திரங்களைக் குறிக்கவில்லை. கைத்தொழில்களை முறைப்படி ஆராய்ந்து கற்பிக்கும் ஒரு பாடத்தைக் குறித்தது. செயல்முறைகளையும் கருவிகளையும் குறிக்க ஜெர்மன் மொழியில் பிற்காலத்தில் 'டெக்னிக்' என்ற சொல் நிலைபெற்றது. பிரெஞ்சுக்காரர்களும் 'டெக்னிக்' என்ற பெயரில்தான் இந்த வரலாற்றை எழுதினார்கள். ஆங்கிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் 'பயன்கலைகள்', 'எந்திரக் கலைகள்', 'கண்டுபிடிப்புகள்' என்ற பொருள்படும் சொற்களே பெருவழக்காக இருந்தன. 1829இல் ஜேக்கப் பிகலோ என்னும் அமெரிக்கப் பேராசிரியர் தம் நூலின் தலைப்பில் 'டெக்னாலஜி' என்ற சொல்லை வைத்தபோதும், அவர் மனத்தில் இருந்தது பயன்கலைகளைப் பற்றிய அறிவுதான்.

தமிழில் 'தொழில்நுட்பம்' என்றும் 'தொழில்நுட்பவியல்' என்றும் இரண்டு சொற்கள் இருப்பது இந்த இடத்தில் நமக்குப் பெரிய உதவி. பழைய நூல் ஒன்றைப் படித்துக் குறிப்பெடுக்கும்போது, ஆசிரியர் பொருளைப் பேசுகிறாரா, பொருளைப் பற்றிய படிப்பைப் பேசுகிறாரா என்று ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பார்த்து, இவ்விரண்டில் பொருத்தமான சொல்லை எழுதிக்கொள்ளுங்கள். சில பக்கங்களிலேயே நூலின் நோக்கம் பிடிபட்டுவிடும்.

ஓர் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிச் செல்லுங்கள்

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களிடம், 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில், எந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தில் வரும் ஓர் அடிக்குறிப்பைத்தான் நான் காட்டுவேன். பதினெட்டாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புகளில் எதுவுமே தனியொரு மனிதரின் சாதனையாக இருந்தது மிகமிக அரிது என்பதை, தொழில்நுட்பவியலின் விமர்சன வரலாறு ஒன்று எழுதப்பட்டால் அது காட்டும் என்கிறார் மார்க்ஸ். உடனே, அப்படியொரு நூல் இதுவரை இல்லை என்கிறார். அதே குறிப்பில் டார்வினும் வருகிறார். தாவரங்களும் விலங்குகளும் உயிர்வாழ்வதற்கான கருவிகளாக அவற்றின் உறுப்புகள் உருவான வரலாற்றில் டார்வின் அக்கறை காட்டினாரே, சமூக மனிதனின் உற்பத்திக் கருவிகள் உருவான வரலாற்றுக்கும் அதே அக்கறை உரியதல்லவா என்பது அவருடைய கேள்வி. மனித வரலாற்றை ஆக்கியவர்கள் நாமே என்பதால் அது இயற்கையின் வரலாற்றிலிருந்து வேறுபடுகிறது என்ற இத்தாலியத் தத்துவஞானி விக்கோவின் கருத்தையும் சேர்த்துக்கொண்டு, அப்படியானால் இந்த வரலாற்றை எழுதுவது எளிதாக அல்லவா இருக்க வேண்டும் என்கிறார்.

இங்கே நின்றுவிடாமல், மார்க்ஸ் அதுவரை எதைப் படித்திருந்தார் என்று பாருங்கள். 1851இல் லண்டனில் அவர் எடுத்த வாசிப்புக் குறிப்பேடுகளில், யோகான் போப்பே, யோகான் பெக்மான் ஆகியோரின் நூல்களிலிருந்து எழுதிவைத்த பகுதிகள் உள்ளன. போப்பே 1807 முதல் 1811 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூலின் தலைப்பே 'தொழில்நுட்பவியலின் வரலாறு' என்பதுதான். அதைப் படித்துக் குறிப்பெடுத்த ஒருவர், பதினாறு ஆண்டுகள் கழித்து அப்படியொரு நூல் இல்லை என்று எழுதுகிறார். இதை மறதி என்று தள்ளிவிட முடியாது. அவர் தேடியது 'விமர்சன' வரலாறு. கண்டுபிடிப்புகளை வரிசைப்படுத்தும் நூலாக அல்லாமல், உழைப்பும் சமூக உறவுகளும் கருவிகளோடு எப்படி மாறின என்று விளக்கும் நூல் அவருக்கு வேண்டியிருந்தது. 'இல்லை' என்ற சொல்லுக்கு முன்னால் நிற்கும் அடைமொழியைக் கவனியுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

போப்பேயிலிருந்து அவருடைய ஆசிரியர் பெக்மானுக்குச் செல்வது இயல்பான அடுத்த படி. யோகான் பெக்மான் 1766 முதல் 1811இல் இறக்கும்வரை கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். தம் மாணவர்களைப் பட்டறைகளுக்கு நேரில் அழைத்துச் சென்றவர். 1777இல் அவர் வெளியிட்ட பாடநூல்தான் 'டெக்னோலொகி' என்ற சொல்லை ஒரு பல்கலைக்கழகப் பாடத்தின் பெயராக நிலைநிறுத்தியது. 1780 முதல் 1805 வரை ஐந்து தொகுதிகளாகக் கண்டுபிடிப்புகளின் வரலாற்றையும் எழுதினார். முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு 1797இல் வந்தது.

அந்த நூலைக் கையில் எடுத்ததும் முதலில் பொருளடக்கத்தை நிதானமாகப் படியுங்கள். இத்தாலிய முறைக் கணக்கெழுத்தில் தொடங்கி, பயணத் தொலைவை அளக்கும் கருவி, நீர்க்கடிகாரம், நீருக்கடியில் இறங்கப் பயன்படும் மூழ்கு மணி, மரம் அறுக்கும் ஆலை, படிகாரம், குங்குமப்பூ, காப்பீடு, ஒயினில் செய்யப்படும் கலப்படம், கூனைப்பூ, துலிப் மலர்கள் என்று அது நீண்டுசெல்கிறது. கேனரிப் பறவைக்கும் ஒரு தனிக் கட்டுரை உண்டு. இன்றைய வாசகருக்கு இது ஒழுங்கில்லாத கலவையாகத் தோன்றலாம். பெக்மான் யாருக்காக எழுதினார் என்று கேட்டால் ஒழுங்கு புலப்படும். அவருடைய வகுப்பில் அமர்ந்திருந்தவர்களில் பலர், பிற்காலத்தில் ஜெர்மன் சிற்றரசுகளில் அதிகாரிகளாகப் போகிறவர்கள். வரி விதிக்கவும் தொழில்களை மேற்பார்வையிடவும் வேண்டிய ஓர் அதிகாரிக்கு, சந்தைக்கு வரும் எந்தப் பொருளும் எங்கிருந்து வந்தது, எப்படிச் செய்யப்படுகிறது, எப்போது வழக்கத்துக்கு வந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கண்ணுக்குக் கணக்கெழுத்தும் கேனரிப் பறவையும் மர ஆலையும் ஒரே வரிசையில்தான் நிற்கும். எந்திரம் மட்டுமே தொழில்நுட்பம் என்ற எண்ணம் அப்போது பிறந்திருக்கவில்லை. இந்தப் பட்டியலை உங்கள் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்; பின்னால் தேவைப்படும்.

யாருக்குத் தேவைப்பட்டது, யார் பணம் கொடுத்தார்கள்

பெக்மானுக்குப் பின் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பல்கலைக்கழகங்களில் இந்த ஆர்வம் மங்கிக் கிடந்தது. வரலாற்றுத் துறைகள் அரசுகளையும் போர்களையும் பற்றியே பேசின. அந்த இடைவெளியில் பேனாவை எடுத்தவர்கள் வெளியாட்கள். 1861, 1862ஆம் ஆண்டுகளில் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய பொறியாளர் வாழ்க்கை வரலாறுகள் பெரும் வாசகப் பரப்பை அடைந்தன. மார்க்ஸின் அடிக்குறிப்பு மறுக்கும் தனிமனிதச் சாதனைக் கதைக்கு அவை நல்ல எடுத்துக்காட்டு.

அடுத்து வந்தவர்கள் பொறியாளர்கள். ஜெர்மன் பொறியாளர் சங்கத்தைச் சேர்ந்த கொன்ராட் மாட்ஷோஸ் 1908இல் நீராவி எந்திரத்தின் வளர்ச்சியைப் பற்றி விரிவான நூலை வெளியிட்டார். 1909இல் அச்சங்கத்தின் சார்பில் தொழில்நுட்ப வரலாற்றுக்கென ஓர் ஆண்டு மலரைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1903இல், ஆஸ்கர் ஃபான் மில்லர் என்ற மின்பொறியாளரின் முயற்சியால் மியூனிக்கில் டாய்ச்சஸ் மியூசியம் என்னும் அறிவியல், தொழில்நுட்ப அருங்காட்சியகம் நிறுவப்பட்டிருந்தது. பிரிட்டனில் ஜேம்ஸ் வாட் இறந்த நூறாவது ஆண்டை 1919இல் பர்மிங்காமில் நினைவுகூர்ந்தார்கள்; அங்கே எழுந்த ஆர்வத்தின் விளைவாக 1920இல் லண்டனில் பொறியியல் வரலாற்றுக்கான நியூகோமென் சங்கம் உருவாகித் தன் ஆய்வுரைகளைத் தொகுதிகளாக வெளியிடத் தொடங்கியது.

இந்தத் தொகுதிகளைப் படிக்கும்போது இரண்டு பட்டியல்களை இணையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில், எழுதியவர் என்ன தொழில் செய்தார். மற்றொன்றில், எதைப் பற்றி எழுதினார். எந்திரத்தை இயக்கிப் பழகியவர்கள் எழுதியதால், உருளை, வால்வு, கொதிகலன் ஆகியவற்றின் விவரங்களில் இவை இன்றும் மிகுந்த நம்பகத்தன்மை கொண்டவை. அந்த எந்திரத்தின் அருகே பன்னிரண்டு மணி நேரம் நின்றவரைப் பற்றி இவற்றில் கிடைப்பது மிகக் குறைவு. தம் தொழிலுக்கு ஒரு மரியாதையான பாரம்பரியம் உண்டு என்று நிறுவ வேண்டிய தேவை பொறியாளர்களுக்கு இருந்தது. அந்தத் தேவை அவர்களுடைய கேள்விகளை வகுத்தது. அவர்களைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அவர்கள் காப்பாற்றிய வரைபடங்களும் எந்திரங்களும் இல்லாமல் பின்னாளைய ஆய்வாளர்களால் ஓரடிகூட வைத்திருக்க முடியாது.

பணத்தைக் கேட்க வேண்டிய இடம் 1954. அந்த ஆண்டு முதல் 1958 வரை, சார்லஸ் சிங்கரும் அவருடைய துணைப் பதிப்பாசிரியர்களும் ஆக்ஸ்போர்டிலிருந்து தொழில்நுட்ப வரலாற்றை ஐந்து பெரும் தொகுதிகளாகக் கொண்டுவந்தார்கள். அதற்கான செலவை ஏற்றது இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ட்ரீஸ் என்ற வேதித்தொழில் நிறுவனம். தொல்பழங்காலத்திலிருந்து 1900 வரை வரும் அந்தத் தொகுதிகள், பொருள்கள் எப்படிச் செய்யப்பட்டன, எவை செய்யப்பட்டன என்பதை ஒப்பற்ற விரிவுடன் சொல்கின்றன. சமூகம் அவற்றால் எப்படி மாறியது என்ற கேள்விக்கு அங்கே இடம் குறைவு. நிறுவனம் பணம் கொடுத்ததால் உண்மை திரிந்துவிட்டது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். அப்படிச் சொல்ல வேண்டுமானால் பக்கத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். எந்த வகை வாசகருக்காக, எந்த வகைக் கேள்வியோடு திட்டம் வகுக்கப்பட்டது என்பதைப் பதிவுசெய்வதே போதும்.

நிறுவனர்கள் சொல்லும் கதையைச் சோதியுங்கள்

இத்துறையின் பிறப்பு என்று பலரும் சுட்டும் நிகழ்வு, 1958இல் அமெரிக்காவில் தொழில்நுட்ப வரலாற்றுச் சங்கம் தோன்றியதாகும். கிளீவ்லாந்து நகரின் கேஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்கு வரலாறு கற்பித்துவந்த மெல்வின் கிரான்ஸ்பெர்க் அதன் உந்துவிசையாக இருந்தார். 1959இல் அச்சங்கத்தின் காலாண்டிதழான 'டெக்னாலஜி அண்ட் கல்ச்சர்' வெளிவந்தது. 1981 வரை அவரே அதன் ஆசிரியர். தலைப்பிலேயே 'பண்பாடு' என்ற சொல்லைச் சேர்த்தது, எந்திரத்தின் உள்ளமைப்பை மட்டும் பேசும் இதழாக இது இருக்காது என்ற அறிவிப்பு. முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லியம் ஆக்பர்ன் ஒரு சமூகவியலாளர். ஒரே கண்டுபிடிப்பைப் பலர் தனித்தனியே, ஏறத்தாழ ஒரே காலத்தில் செய்த 148 எடுத்துக்காட்டுகளை 1922இலேயே டொரதி தாமஸுடன் சேர்ந்து பட்டியலிட்டவர். தனிமனித மேதையின் கதையை மார்க்ஸ் மறுத்த அந்த அடிக்குறிப்புக்கு, மார்க்ஸியத்தோடு தொடர்பில்லாத வழியில் வந்து சேர்ந்த துணைச் சான்று இது.

சங்கம் ஏன் தோன்றியது என்பதற்கு இரண்டு கதைகள் வழங்குகின்றன. அறிவியல் வரலாற்றுச் சங்கமும் அதன் இதழான 'ஐசிஸ்'ஸும் தொழில்நுட்பத்துக்கு உரிய இடம் தரவில்லை, அதனால் தனியே செல்ல நேர்ந்தது என்பது நிறுவனர்கள் தரப்பில் சொல்லப்பட்ட கதை. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதால் அமெரிக்கர்கள் தொழில்நுட்பத்தைப் பற்றித் திடீரெனச் சிந்திக்கத் தொடங்கினார்கள் என்பது பொதுவாக வழங்கும் மற்றொரு கதை. இரண்டிலும் உண்மையின் பங்கு உண்டு. ஆயினும் கால வரிசையை வைத்துச் சோதித்தால், ஸ்புட்னிக் பறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, பொறியியல் கல்விக்கான அமெரிக்கச் சங்கத்தின் கூட்டத்தில் கிரான்ஸ்பெர்க்கும் நண்பர்களும் இதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்று தெரியவருகிறது. பொறியியல் மாணவர்களுக்கு வரலாறு, இலக்கியம் போன்ற மானுடப் பாடங்களும் வேண்டும் என்ற வற்புறுத்தல் அப்போது வலுத்துவந்தது. அந்தப் பாடங்களைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு களமும் ஓர் இதழும் தேவைப்பட்டன. இந்தக் கல்விப் பின்னணியைப் பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை எளியது. நிறுவனர் ஒருவர் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவுக் கட்டுரை கிடைத்தால், அதிலுள்ள ஒவ்வொரு கூற்றுக்கும் நேராக அந்தக் காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு சான்றைத் தேடுங்கள்: கடிதம், கூட்டக் குறிப்பு, நிதி விண்ணப்பம். கிரான்ஸ்பெர்க்கின் தாள்கள் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியக ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. நேரில் செல்ல இயலாதவர்கள் 'ஐசிஸ்' இதழின் 1958க்கு முந்தைய பொருளடக்கங்களை எடுத்து, தொழில்நுட்பம் பற்றிய கட்டுரைகளைத் தாமே எண்ணிப் பார்க்கலாம். 'இடம் தரவில்லை' என்ற கூற்று எவ்வளவு தூரம் பொருந்துகிறது என்பதை அந்த எண்ணிக்கையிலிருந்தே எடைபோடலாம்.

ஒரே நாட்டுக்குள் நின்றுவிடாதீர்கள்

1958ஐத் தொடக்கமாக வைப்பதில் எனக்குள்ள பெரிய தயக்கம், அது பிரான்ஸை மறைத்துவிடுகிறது என்பதுதான். 1935 நவம்பரில், வரலாற்றாசிரியர்கள் லூசியன் ஃபெவ்ரும் மார்க் ப்ளாக்கும் நடத்திய 'அனால்' என்னும் வரலாற்று இதழ் தொழில்நுட்பத்துக்கென ஒரு சிறப்பிதழ் வெளியிட்டது. அதன் முகப்புக் கட்டுரையில், தொழில்நுட்ப வரலாறு என்பது முழுவதுமாக, அல்லது ஏறத்தாழ முழுவதுமாக, இனிமேல்தான் உருவாக்கப்பட வேண்டிய துறை என்று ஃபெவ்ர் எழுதினார். மார்க்ஸ் எழுதி அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும், மாட்ஷோஸின் ஆண்டு மலர் தொடங்கி இருபத்தாறு ஆண்டுகள் கழித்தும் மீண்டும் அதே 'இல்லை'. இந்த முறை குறையாகக் கருதப்பட்டது, பொறியாளரின் துல்லியமும் வரலாற்றாசிரியரின் சமூகப் பார்வையும் ஒன்றுசேர்ந்த ஆய்வு.

அது எப்படி இருக்கும் என்பதை அதே இதழில் ப்ளாக் செய்துகாட்டினார். நீர்ச்சக்கர ஆலை பழைய ரோமானியர்களுக்கே தெரிந்திருந்தும், இடைக்காலத்தில்தான் அது பரவியது; ஏன் என்பது அவர் கேள்வி. விடையின் ஒரு பகுதி, தம் ஆலையிலேயே குடியானவர்கள் மாவரைக்க வேண்டும் என்று நிலப்பிரபுக்கள் கட்டாயப்படுத்தியதில் இருந்தது. இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்து நிகழ்வை அவர் எடுத்துக்கொள்கிறார். 1331இல் மடத்தலைவர், குடியானவர்களின் வீடுகளிலிருந்த திருகைக் கற்களைப் பறித்துவந்து, மடத்தின் கூடத்தில் தரைக்கல்லாகப் பதித்தார். ஐம்பது ஆண்டுகள் கழிந்து 1381 குடியானவர் கிளர்ச்சியின்போது மக்கள் உள்ளே புகுந்து, அந்தத் தரையைப் பெயர்த்துக் கற்களை மீட்டெடுத்தார்கள். அந்த மடத்தலைவர் வாலிங்ஃபோர்டின் ரிச்சர்டு, வியத்தகு வானியல் கடிகாரம் ஒன்றை வடிவமைத்தவர் என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துப்பாருங்கள். கடிகாரத்தின் வரலாற்றில் அவர் மேதை. திருகைக் கல்லின் வரலாற்றில் பறித்தவர். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுத முடிகிற துறையைத்தான் ஃபெவ்ர் 'இனிமேல் வர வேண்டியது' என்றார்.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1931இல் லண்டனில் நடந்த பன்னாட்டு அறிவியல் வரலாற்று மாநாட்டில், நியூட்டனின் பெருநூலுக்குப் பின்னால் சுரங்கம், கடற்பயணம், பீரங்கி ஆகியவற்றின் தேவைகள் இருந்ததாக சோவியத் ஆய்வாளர் போரிஸ் ஹெஸ்ஸன் வாதிட்டார். போல்ஷெவிக் தலைவர் புகாரினின் தலைமையில் சோவியத் ஒன்றியத்தில் அறிவியல், தொழில்நுட்ப வரலாற்றுக்கென ஒரு நிறுவனமே இயங்கியது. இருவரும் ஸ்டாலின் கால ஒடுக்குமுறையில் கொல்லப்பட்டார்கள், நிறுவனமும் மூடப்பட்டது. கேம்பிரிட்ஜில் ஜோசப் நீடம் சீனாவின் அறிவியல், நாகரிகம் பற்றிய பெருந்தொகுதியின் முதல் நூலை 1954இல், சிங்கரின் முதல் தொகுதி வந்த அதே ஆண்டில் வெளியிட்டார்; இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது, ஐரோப்பாவை மையமாக வைத்த வரலாறு எங்கே குறுகிவிடுகிறது என்று காணச் சிறந்த வழி. பனிப்போரின் இருபுறத்து ஆய்வாளர்களும் சந்திப்பதற்கான பன்னாட்டுக் குழு 1968இல் பாரிஸில் உருவானது. அமெரிக்காவிலும், சங்கம் தோன்றுவதற்கு முன்பே, பொருளியல் வரலாற்றாசிரியர் அபட் பேசன் அஷர் 1929இலும் லூயிஸ் மம்ஃபோர்ட் 1934இலும் அடித்தளமான நூல்களை எழுதியிருந்தார்கள்.

நூலின் கடைசிப் பக்கங்களிலிருந்து படியுங்கள்

ஒரு துறை எதைத் தன் பொருளாக ஏற்றது என்பதை முன்னுரை சொல்லும். எதை ஏற்கவில்லை என்பதைச் சொல்லடைவுதான் சொல்லும். இதை எனக்குக் கற்பித்தது ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1979இல் எழுதிய ஒரு கட்டுரை. சிங்கரின் தொகுதிகள், கிரான்ஸ்பெர்க்கும் பர்செல்லும் 1967இல் தொகுத்த பாடநூல் உள்ளிட்ட இத்துறையின் நிலைபெற்ற நூல்களின் சொல்லடைவுகளை அவர் புரட்டிப் பார்த்தார். குழந்தைக்குப் பால் புகட்டும் புட்டி அவற்றில் எங்குமே இல்லை. தாய்ப்பால் இல்லாமலும் ஒரு குழந்தையை வளர்க்க வழிசெய்து, வீட்டின் அன்றாட வாழ்வையே மாற்றிய ஒரு கருவி, தொழில்நுட்பத்தின் கணக்கில் வரவேயில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், 1976இல், இதே ஆய்வாளர் 'டெக்னாலஜி அண்ட் கல்ச்சர்' இதழில் வீட்டு உபகரணங்களின் வரலாற்றை எழுதி, சலவை எந்திரமும் மின்சாரமும் வந்த பின்னும் இல்லத்தரசியின் வேலை நேரம் ஏன் குறையவில்லை என்ற கேள்வியை எழுப்பியிருந்தார். பணியாட்கள் மறைந்தார்கள், தூய்மைக்கான எதிர்பார்ப்பு உயர்ந்தது, முன்பு பலர் பகிர்ந்த வேலை ஒருத்தியின் தலையில் விழுந்தது என்பது அவர் கண்ட விடை.

இப்போது, முன்பு எழுதிவைத்த பெக்மானின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். கேனரிப் பறவைக்கும் கூனைப்பூவுக்கும் இடமளித்த ஒரு படிப்பு, இருநூறு ஆண்டுகளுக்குள் பால்புட்டிக்கு இடமில்லாத துறையாகக் குறுகியது எப்படி? அதிகாரிகளின் கையிலிருந்து பொறியாளர்களின் கைக்கும், பொறியாளர்களிடமிருந்து பொறியியல் கல்லூரி ஆசிரியர்களிடமும் இத்துறை மாறிய வழியை நீங்கள் ஏற்கெனவே கண்டுவிட்டதால், விடையின் பெரும்பகுதி உங்கள் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. இத்துறையின் தோற்றத்தைப் பற்றி எழுதுவதற்கு இதைவிட வளமான கேள்வி எனக்குத் தெரிந்து வேறில்லை.

இதே முறையை இதழ்களுக்கும் விரிக்கலாம். ஜான் ஸ்டாடன்மையர் 1985இல் வெளியிட்ட நூலில், 'டெக்னாலஜி அண்ட் கல்ச்சர்' இதழின் முதல் இருபது ஆண்டுக் கட்டுரைகளை வகைப்படுத்தி, எந்தப் பொருள்கள் திரும்பத்திரும்ப வந்தன, எவை வரவில்லை என்று ஆராய்ந்தார். அவ்வளவு பெரிய வேலை உங்களால் இயலாது என்றால், ஒரே ஓர் ஆண்டின் நான்கு இதழ்களை எடுத்துச் செய்துபாருங்கள். கட்டுரையின் பொருள், காலம், நாடு, ஆசிரியரின் பணியிடம் என்று நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணை போதும்.

எழுத உட்காரும்போது

திரட்டிய 'இல்லை' வாக்கியங்களைத் தனித்தனித் தாளில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் மூன்று செய்திகளைக் குறியுங்கள்: அதற்கு முன்பே என்ன இருந்தது, எழுதியவர் எந்தப் பதவியில் இருந்தார், அடுத்த பத்தாண்டுகளில் என்ன நிகழ்ந்தது. தாள்களை மேசையில் பரப்பினால் கட்டுரையின் அமைப்பு பெரும்பாலும் தானாகவே தெரியும். எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதை முதல் பத்தியிலேயே காரணத்தோடு சொல்லிவிடுங்கள். கல்விப்பாடமாக வந்ததைத் தேடுகிறவருக்கு 1777 சரியான தொடக்கம்; தொடர்ந்து வெளிவரும் ஆய்வு வெளியீட்டைத் தேடுகிறவருக்கு 1909; தனிச்சங்கமும் தனி இதழும் கொண்ட துறையைத் தேடுகிறவருக்கு 1958.

பழைய முடிவுகளை எடுத்தாளும்போது அவற்றின் பின்கதையையும் பாருங்கள். ஓய்வுபெற்ற குதிரைப்படை அதிகாரியான லெஃபெவ்ர் டெ நொயெத், பழங்காலச் சேணம் குதிரையின் கழுத்தை நெரித்ததால் அதன் இழுவிசை வீணாயிற்று என்று 1931இல் எழுதியது ப்ளாக்கின் தலைமுறையை ஆழமாகப் பாதித்தது. பிற்காலச் சோதனைகள் அதைப் பெரிதும் ஐயத்துக்குள்ளாக்கின. குதிரையின் அங்கவடியிலிருந்தே நிலப்பிரபுத்துவம் பிறந்தது என்று லின் ஒயிட் 1962இல் வாதிட்டார். அடுத்த ஆண்டே அது தொழில்நுட்பமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்னும் பிழையான வாதம் என்று கடுமையான மறுப்பு வந்தது. இவற்றை உண்மைகளாக எடுத்தாள வேண்டாம். துறை எதை நம்ப விரும்பியது என்பதற்கான சான்றாக எடுத்தாளுங்கள்.

கடைசியாக, உங்கள் கட்டுரையிலும் 'இதைப் பற்றி இதுவரை ஆய்வு இல்லை' என்ற வரி எப்படியும் வந்து நிற்கும். அதை எழுதுவதற்கு முன், யூஜின் ஃபெர்குசன் 1968இல் வெளியிட்ட தொழில்நுட்ப வரலாற்று நூலடைவையும், 1964 முதல் 'டெக்னாலஜி அண்ட் கல்ச்சர்' ஆண்டுதோறும் வெளியிட்டுவந்த நூற்பட்டியலையும் ஒருமுறை முழுமையாகத் தேடிப்பாருங்கள். அப்போதும் கிடைக்கவில்லை என்றால், இல்லாதது எது என்பதை ஓர் அடைமொழியோடு துல்லியமாக எழுதுங்கள்.